“செயலி தானாக ஏதோ செய்கிறது” என்று கணக்கப்பிள்ளை சொன்னால்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். பாம்பனில் தாய்மாமா நடத்தும் மீன் ஏலக் கடைக்கு நீங்கள் ஒரு கைப்பேசிச் செயலி எழுதியிருக்கிறீர்கள். கூறு (ஏலத்துக்குப் பிரித்து வைத்த மீன் குவியல்), எடை, ஏலத்தொகை, எடுத்த வியாபாரி, பாக்கி எல்லாம் அதில் பதிவாகிறது. நீங்கள் வைத்த சோதனைகள் அனைத்திலும் தேறிவிட்டது. ஆனாலும் இரண்டு வாரமாகக் கணக்கப்பிள்ளை நோட்டைத்தான் கையில் எடுக்கிறார். ஏன் என்றால் “இது தானாக ஏதோ செய்கிறது” என்கிறார். துருவிக் கேட்டதில் மூன்று குறைகள் வந்தன. கூறு விற்றதும் பட்டியலில் அது இடம் மாறிவிடுகிறது. ‘திருத்து’ என்பதைத் தொட்ட பிறகு அதே பொத்தான்கள் வேறு வேலை செய்கின்றன. ஒருநாள் எட்டுப் பதிவுகள் காணாமல் போயின. அவருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

நடத்தாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதன்படி முப்பது வருடமாக ஏலம் எழுதுகிறவர் அவர். வகுப்பில் உட்கார வேண்டியவர் நீங்கள். விடிவதற்கு முன், மீன் பெட்டிகளுக்கு நடுவில்.

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் ஏலக் கடை, ஐஸ் கம்பெனி, கருவாட்டுக் கிடங்கு என்று சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். என் முதல் செயலியும் மூலையில்தான் கிடந்தது. எண் பலகையைத் தொலைபேசியில் இருப்பதுபோல் அமைத்திருந்தேன்: மேல் வரிசையில் 1, 2, 3. அந்தக் கடைக் கணக்கரின் மேசையில் ஓரம் தேய்ந்த பழைய கால்குலேட்டர் ஒன்று இருந்தது. கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. உலகம் முழுவதும் இவ்விரண்டும் இப்படித் தலைகீழாகவே இருக்கின்றன. தொலைபேசிக்குப் பொத்தான் வந்த காலத்தில், 1960ஐ ஒட்டி, அமெரிக்கத் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடமான பெல் ஆய்வகத்தார் பல அமைப்புகளை மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்துத்தான் 1-2-3ஐ மேலே வைத்தார்கள். எங்கள் கணக்கரோ விரலைப் பார்க்கிறவர் இல்லை. வாய் ஏலத்தொகையைச் சொல்லும்போதே விரல் தட்டி முடித்திருக்கும். 1,200 ரூபாய்க்குப் போன நண்டுக் கூறு என் செயலியில் 7,800 ஆனது.

மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. 7ஐத் தொட்டால் 7 விழுந்தது. அவர் தொட்டது கீழ் வரிசையின் இடது மூலையை. அவர் கைக்கு அந்த மூலையின் பெயர் 1. உங்கள் சோதனைகள் எல்லாம் தேறியும் கணக்கப்பிள்ளை நம்பாததற்குக் காரணமும் இந்த வகைதான். நாம் எழுதிய விதிப்படி நடக்கிறதா என்று மட்டுமே சோதனை பார்க்கிறது. அவர் நேற்றுவரை எதைக் கொண்டு வேலை செய்தாரோ அதன்படி நடக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

“எளிமையாகச் செய், பொத்தான்களைக் குறை” என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஏல நோட்டு ஒன்றும் எளிமையான பொருள் இல்லை. முன்பணம், கமிஷன், பழைய பாக்கி, படகுப் பங்கு என்று ஒரு பக்கத்துக்குள் அத்தனை சிக்கல் இருக்கும். அது அவருக்கு வசப்பட்டதற்குக் காரணம், வைத்த இடத்தில் வைத்தது இருக்கிறது என்பதுதான்.

அந்த நோட்டிலிருந்து நான் கற்ற ஒன்றைச் சொல்கிறேன். தப்பாக எழுதிய தொகையை எந்தக் கணக்கரும் அழிப்பதில்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே சரியான தொகையை எழுதுவார். பழைய எண் கோட்டுக்கு அடியில் படிக்கும்படி நிற்கும். நாளைக்குத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. நானோ ‘நீக்கு’ என்று ஒரு பொத்தான் வைத்து, “உறுதியாக நீக்கவா?” என்று கேட்டு, ‘ஆம்’ என்றதும் தடயமே இல்லாமல் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை யாரும் படிப்பதில்லை, தம்பி. இரண்டாம் நாளே அது வழியில் கிடக்கும் கல் ஆகிவிடும். ‘ஆம்’ என்று உதைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். இப்போது என் செயலிகளில் நீக்கினால் வரி மேல் கோடு விழும், அவ்வளவுதான். கோட்டை மறுபடி தொட்டால் வரி உயிர் பெறும். எச்சரிக்கைக் கேள்வியையே எடுத்துவிட்டேன்.

நோட்டுக்கு அடுத்தபடி எதிர்பார்ப்பைப் பழக்கிவிடுவது மற்றச் செயலிகள். இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் இதைப் பல வருடங்களுக்கு முன்பே இணையதளங்களை வைத்துச் சொல்லிவிட்டார்: உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலான நேரத்தை மற்றவர்களுடைய தளங்களில்தான் கழிக்கிறார்கள். பாம்பனில் அந்த ‘மற்றவர்’ வாட்ஸ்அப். ஒற்றை டிக் என்றால் என்ன, இரட்டை டிக் என்றால் என்ன என்று ஐஸ் உடைக்கும் பையனுக்கும் தெரியும். காணாமல் போன உங்கள் எட்டுப் பதிவுகளுக்கு இங்கேதான் மருந்து இருக்கிறது, பிறகு வருகிறேன்.

தமிழில் எழுதுவதால் நமக்கு மட்டும் வரும் சில திடுக்கிடல்கள் உண்டு. படகின் பெயருக்குப் ‘10 எழுத்துக்கு மேல் கூடாது’ என்று ஒரு செயலியில் வரம்பு வைத்திருந்தேன். ‘அந்தோணியார்’ என்று தட்டினால் மறுத்தது. நாம் எண்ணினால் அ, ந், தோ, ணி, யா, ர் என்று ஆறு எழுத்து. கணினிக்குள் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறியீடு; ஆறு பதினொன்றாகிவிடுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுத்தெண்ணிப் பழகிய மனிதரிடம் ‘நீங்கள் பதினொன்று எழுதிவிட்டீர்கள்’ என்று சொல்ல எனக்கு என்ன துணிச்சல்! குறுஞ்செய்தியிலும் இதே கதை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் எழுதினால் 70 குறியீடுதான். பாக்கி நினைவூட்டல் ஒன்று மூன்று துண்டாகி, கட்டணமும் மூன்று மடங்கானதும்தான் எனக்கு உறைத்தது.

அகரவரிசையையும் பாருங்கள். கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண் வரிசைப்படியே அடுக்கினால் அந்தோணி, அன்பு, அமலன், அருள் என்று வரும். நம் வரிசையில் ன கடைசி எழுத்து. அந்தோணி, அமலன், அருள், அன்பு என்றுதான் வர வேண்டும். பட்டியல் சிறிதாக இருக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். இருநூறு வியாபாரிகள் சேர்ந்ததும் ‘அன்பு பெயரைக் காணோம்’ என்று புதிதாக இன்னொரு அன்புவைச் சேர்ப்பார்கள்; பாக்கி இரண்டாகப் பிரியும். தமிழுக்கான அடுக்கு விதிகள் இயங்குதளங்களிலேயே இருக்கின்றன. அவற்றை அழைத்தால் போதும், நாம்தான் அழைப்பதில்லை. மீன் பெயரைத் தேடும் இடத்திலும் மத்தி என்று தட்டினால் சாளை வர வேண்டும். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

‘உதவி செய்கிறேன்’ என்று மென்பொருள் வலிய வந்து மாற்றும் இடங்கள் எனக்கு வேறெதையும்விட எரிச்சல் தருபவை. எக்செல் போன்ற விரிதாளில் படகு எண்ணைச் சுருக்கமாக 10-12 என்று தட்டிப் பாருங்கள், தேதியாகிவிடும். இது நம் ஊர்த் தொல்லை மட்டும் இல்லை. மனித மரபணுக்களில் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்ற சுருக்கப் பெயர் கொண்டவை இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கி ஆராய்ச்சி அட்டவணைகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றி ‘மார்ச்எஃப்1’, ‘செப்டின்1’ என்று ஆக்கியது. மென்பொருளுக்கு மனிதர்கள் வழிவிட்டு ஒதுங்கிய கதை. எனக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் கைப்பேசி இலங்கை அலைவரிசையைப் பிடித்துக்கொள்வது நம் எல்லாருக்கும் தெரியும். நான் கெட்டிக்காரத்தனமாக, கைப்பேசி எந்த நாட்டு வலைப்பின்னலில் இருக்கிறதோ அதன் குறியீட்டைத் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் தானாகப் போட வைத்திருந்தேன். ஒரு கருவாட்டு வியாபாரி தனுஷ்கோடி மணலில் நின்றபடி பதிவு செய்த வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் +94 விழுந்து, அவர்கள் ஒரே பகலில் இலங்கைவாசிகள் ஆனார்கள்.

கரையில் இப்படித் தவறினால் பணத்தோடு போய்விடும். கடலுக்குள் எடுத்துப்போகும் செயலியில் விலை வேறு. நீங்கள் அடுத்ததாகப் படகுகளுக்கு இடம் காட்டும் வசதி சேர்க்கப் போவதாக எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

வலை போட்ட இடங்களை டிகிரி, நிமிடம் என்று குறித்து வைப்பது படகுக்காரர்களின் பழக்கம். படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி அப்படித்தான் காட்டும். கைப்பேசி வரைபடங்களோ பெரும்பாலும் டிகிரியைத் தசமத்தில் தருகின்றன. உங்கள் செயலி 79.30 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தசமக் கணக்கில் அது 79 டிகிரி 18 நிமிடம், ஏறக்குறைய ராமேஸ்வரத்தின் தீர்க்கரேகை. கருவியில் பழகிய கண் அதையே 79 டிகிரி 30 நிமிடம் என்று படிக்கும். கச்சத்தீவின் தீர்க்கரேகை 79 டிகிரி 31 நிமிடம். நடுவில் இருப்பது 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர். 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வகுத்த எல்லைக்கோடும் அந்த இடைவெளிக்குள்தான் ஓடுகிறது. ஒரு புள்ளியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்ததில் படகு எந்தப் பக்கம் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணை மட்டும் தனியே காட்டாதீர்கள். ‘79 டிகிரி 18.0 நிமிடம்’ என்று அலகோடு எழுதுங்கள், இடம் அடைத்தாலும் பரவாயில்லை.

அம்புக்குறி இன்னொரு பொறி. காற்றை அது வரும் திசையை வைத்துச் சொல்வது வானிலையாளர் வழக்கம். நீரோட்டத்தை அது போகும் திசையை வைத்துச் சொல்வது கடலியலாளர் வழக்கம். இரண்டும் அவரவர் இடத்தில் சரி. ஒரே திரையில் இரண்டு அம்பு போட்டால்? நம் மொழியிலும் இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வருவது. தண்ணீரை மட்டும் ‘தெற்கே இழுக்கிறது’ என்போம். ஆகவே அம்பை விட்டுவிட்டு வார்த்தையில் எழுதினேன்: ‘காற்று: வாடை. நீரோட்டம்: தெற்கே இழுக்கிறது.’ வடிவமைப்புக்காரர்கள் அம்புதான் அழகு என்பார்கள். இருக்கட்டும். நிறத்திலும் கவனம் வேண்டும். படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு என்றால் ஆபத்து என்ற உங்கள் விதி அந்தத் தொழிலில் முழுதாகச் செல்லாது.

எதிர்பார்ப்புக்கு எப்போதும் தலையாட்ட வேண்டுமா என்று கேட்டால், அதுவும் கூடாது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். பொதுவாகச் சரிதான்: 1, 2 தொலைவுக்கான எச்சரிக்கை; 3, 4 உள்ளூருக்கானவை. ஆனால் 5, 6, 7 மூன்றும் ஒரே கடுமையைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தை எந்தப் பக்கமாக விட்டுக் கடக்கும், அல்லது மேலேயே கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 அதே போல, இன்னும் கடும் புயலுக்கு. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 5 ஏற்றிய அன்று ‘இன்னும் 7 வரவில்லையே’ என்று ஒருவர் ஆறுதல் கொண்டால் அந்தக் கணக்கு தவறு. எண் வரிசையைப் பார்த்தவர் மனம் தானாகக் கட்டிக்கொண்ட ஏணி அது. இப்படிப்பட்ட தகவலைச் செயலியில் தரும்போது வெறும் எண்ணைப் பெரிதாகப் போடாமல் பொருளையும் கூடவே ஒரு வரியில் எழுதுவேன். எண்ணை மறைக்கவும் மாட்டேன். வானொலியில் அவர் கேட்டது அந்த எண்ணைத்தான், இரண்டும் பொருந்த வேண்டும்.

சரி, உங்கள் மூன்று குறைகள்.

பட்டியல் இடம் மாறுவது. விற்ற கூறுகளைக் கீழே தள்ளினால் விற்காதவை கண்ணில் படும் என்பது உங்கள் எண்ணம். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அவர் கூறுகளைத் தரையில் இருக்கும் வரிசையில் பார்க்கிறார். விற்ற மீன் தரையில் நகர்ந்து கடைசிக்குப் போவதில்லை. வரிசையை அசைக்காதீர்கள், விற்ற வரியை மங்கலாக்கினால் போதும். ஏலம் நடக்கும் நேரத்தில் விரலுக்கு அடியில் ஒரு வரி நழுவினால், அவர் தொட எண்ணியது ஒன்று, தொட்டது இன்னொன்று ஆகும். அதைத்தான் ‘தானாக ஏதோ செய்கிறது’ என்கிறார். சொல் துல்லியமாக இருக்கிறது, கவனித்தீர்களா?

‘திருத்து’ நிலை. ஒரே பொத்தான் ஒரு நிலையில் ஒன்றும் இன்னொரு நிலையில் வேறொன்றும் செய்வதை ஒழிக்கவே தன் வாழ்நாளில் பெரும்பங்கைச் செலவிட்டார் லாரி டெஸ்லர். வெட்டு, நகலெடு, ஒட்டு ஆகியவற்றை நமக்குத் தந்தவர்களில் ஒருவர், 2020இல் காலமானார். அவர் காரின் எண் பலகையிலேயே ‘நோ மோட்ஸ்’, அதாவது ‘நிலைகள் வேண்டாம்’, என்று இருந்தது. நீங்கள் காரில் எழுத வேண்டாம். அந்த நிலையை நீக்கிவிடுங்கள், எந்தத் தொகையைத் தொட்டாலும் அந்தத் தொகை மட்டும் அந்த இடத்திலேயே மாறட்டும், பழையது கோட்டுக்கு அடியில் நிற்கட்டும்.

காணாமல் போன பதிவுகள். நீங்கள் விவரித்ததிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான்: சிக்னல் இல்லாத நேரத்திலும் உங்கள் செயலி ‘சேமிக்கப்பட்டது’ என்று சொல்லியிருக்கிறது, பிறகு கைப்பேசி அணைந்திருக்கிறது. இது மூன்றிலும் பெரிய குற்றம், ஏனென்றால் இது பொய். முதலில் பதிவு கைப்பேசிக்குள் உண்மையாகவே எழுதப்பட வேண்டும். பிறகு வாட்ஸ்அப்பில் அவருக்குப் பழகிய அடையாளங்களையே கடன் வாங்குங்கள். கைப்பேசியில் மட்டும் இருக்கும் பதிவுக்குக் கடிகாரக் குறி; கடையின் சர்வருக்குப் போய்விட்டால் டிக். ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது.

இவை போக இன்னும் என்னென்ன இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, பொத்தானைத் தொடுவதற்கு முன்னால், “அண்ணாச்சி, இதைத் தொட்டால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தொடச் சொல்லுங்கள். சொன்னதும் நடந்ததும் எங்கே பிரிகின்றனவோ அதுதான் உங்கள் வேலைப் பட்டியல். நடுவில் வாய் திறந்து விளக்கிவிடாதீர்கள். நாக்கு துறுதுறுக்கும், அடக்குங்கள். ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை. முதலாளியின் மருமகனிடம் யார் பிடிக்கவில்லை என்பார்கள்?

கடைசியாக, திருத்தங்களை எப்போது போடுவது. இதில் நான் சூடுபட்டவன். ஒரு கடையில் வரவை வலப்பக்கமும் பற்றை இடப்பக்கமும் வைத்துவிட்டேன்; அவர்கள் நோட்டில் நேர் எதிர். மூன்று வருடம் கழித்துத் தவறு தெரிந்து நல்ல பிள்ளையாகத் திருத்திக் கொடுத்தேன். கடை முழுக்கத் திட்டியது. அந்த மூன்று வருடத்தில் என் தவறே அவர்களுக்கு வழக்கமாகியிருந்தது. 2011இல் ஆப்பிள் மேக் கணினிகளில் திரையில் பக்கம் உருளும் (ஸ்க்ரோல்) திசையைத் தலைகீழாக்கியபோது பழைய திசைக்கே திரும்பும் ஒரு தேர்வையும் அமைப்புகளில் விட்டு வைத்தது. எனக்கு அந்த அறிவு அப்போது இல்லை. இன்றைக்கும் அந்த ஒரு கடைக்கு மட்டும் வரவு வலப்பக்கம்தான்.

உங்களுடையது இரண்டு வாரக் குழந்தை. கை இன்னும் பழகவில்லை, ஆகவே பட்டியல் வரிசையையும் ‘திருத்து’ நிலையையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். இனி வரும் பெரிய மாற்றங்களை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளி வையுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், கூறுகள் குறைவு. கணக்கப்பிள்ளைக்கு உங்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்க நேரம் இருக்கும். அதுவரை நோட்டை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும், சாயங்காலம் இரண்டின் கூட்டுத்தொகையையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.